சொட்டம்மா போடாத இரண்டு சொட்டு

முப்பத்தொரு வருஷமாகக் கடல் தண்ணீரில் விஷம் வைக்கிற ஒரு பெண்மணியின் கதை இது. பயப்பட வேண்டாம், அதற்குத்தான் அவளுக்குச் சம்பளமே.

கடல்நீர் ஆய்வகத்தில் எல்லோருக்கும் அவள் சொட்டம்மா. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். படகு கரைக்கு வந்ததும் தண்ணீர் பாட்டில்கள் நேராக அவளுடைய தரைத்தள அறைக்கு வரும். கையுறை மாட்டிக்கொண்டு, கண்ணாடிக் கூண்டுக்குள் கையை விட்டு, பாட்டிலுக்கு இரண்டே இரண்டு சொட்டுப் பாதரச விஷம். மூடியை இறுக்கிவிட்டுப் பதிவேட்டில் அந்த எண்ணுக்கு நேரே ஒரு டிக். அவ்வளவுதான் வேலை. ஏன் விஷம் என்றால், கடல் தண்ணீர் வெறும் தண்ணீர் இல்லை. கண்ணுக்குத் தெரியாத லட்சோபலட்சம் உயிர்கள் அதில் குடித்தனம் நடத்துகின்றன. பாட்டிலில் அடைத்துவிட்டோம் என்பதற்காக அவை மூச்சு விடாமல் இருக்குமா? அவை மூச்சு விட விட, உள்ளே கரியமில வாயு ஏறிக்கொண்டே போகும். அப்புறம் அளந்தால் கடலின் கணக்கு வராது, பாட்டிலின் கணக்குத்தான் வரும்.

அந்த ஆய்வகத்துக்கோ கரியமில வாயுதான் எல்லாம். கரையிலிருந்து படகில் இரண்டு மணி நேரம் போனால் ஒரு பழைய எரிவாயுக் கிணறு. எரிவாயுவை எடுத்து முடித்த பிறகு, கடல் தரைக்குக் கீழே ஒரு கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் மணல் அடுக்கு காலியாகக் கிடந்தது. தொழிற்சாலைப் புகையிலிருந்து பிரித்தெடுத்த கரியமில வாயுவைக் குழாய் வழியாக அங்கே அழுத்தி அடைக்கிறார்கள். மேலே கெட்டிப் பாறை மூடிபோல் கிடக்கிறது. அந்த மூடி ஒழுங்காக இருக்கிறதா, எங்கேயாவது கசிகிறதா என்று மாதாமாதம் மேலே உள்ள தண்ணீரை எடுத்துப் பார்த்துச் சொல்வது இந்த ஆய்வகத்தின் பொறுப்பு.

சொல்வது யார்? அங்கேதான் சமாச்சாரம். 'கசிவு இல்லை' என்றோ 'உண்டு' என்றோ எழுதிக் கையெழுத்துப் போடும் அதிகாரி, சாட்சாத் சொட்டம்மாவின் மருமகள். இந்தக் கல்யாணத்துக்குத் தரகு வேலை பார்த்தது பதிவேடுதான். ஏழு வருஷத்துக்கு முன்னால் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் ஒருத்தி, ஓர் எண்ணைத் தப்பாக எழுதிவிட்டு, அதை அழிக்காமல் குறுக்கே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் சரியான எண்ணையும் தன் கையெழுத்தையும் நேரத்தையும் குறித்து வைத்திருந்தாள். 'தப்பை ஒளிக்கத் தெரியாத பொண்ணு' என்று சொட்டம்மா அன்றைக்கே மனதில் முடிச்சுப் போட்டுவிட்டாள். கப்பலில் என்ஜினியராக இருக்கும் மகன் விடுமுறைக்கு வந்ததும், ஏதோ சாக்குச் சொல்லி அவனை ஆய்வகத்துக்கு வரவழைத்தாள். மற்றதை அவர்களே பார்த்துக்கொண்டார்கள்.

மாமியார் பாட்டிலைத் தயார் செய்கிறார், மருமகள் கையெழுத்துப் போடுகிறார், இது முறையா என்று மேலிடத்திலிருந்து ஒரு கடிதம்கூட வந்தது. இயக்குநர் குறும்புக்காரர். 'மாமியார் செய்த தப்பை எந்த மருமகள் விட்டுவைப்பாள்? இதைவிடக் கறாரான தணிக்கை எனக்கு எங்கே கிடைக்கும்?' என்று பதில் எழுதி அனுப்பினார். அதற்கப்புறம் மேலிடம் வாயைத் திறக்கவில்லை.

நிஜத்தில் இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டு கிடந்தார்கள். மகன் வருஷத்தில் பாதி நாள் எங்கேயோ தண்ணீர் மேல் இருந்தான். நாலாவது மாடி வீட்டில் இவர்கள் இரண்டு பேரும்தான். காலையில் ஒரே பஸ், சாயங்காலம் ஒரே பஸ். ஆய்வக வாசலைத் தாண்டும்வரை 'அத்தை, குடையை எடுத்தீங்களா?' தாண்டியதும் 'என்னம்மா, பாட்டில் ரெடியா?' சொட்டம்மாவும் அலுவலகத்தில் 'மேடம்' என்றுதான் சொல்லுவாள். கொஞ்சம் அழுத்திச் சொல்லுவாள், பெருமையில்.

குழந்தை மட்டும் தங்கவில்லை. முதல் தடவை பத்தாவது வாரத்தில் போயிற்று. இரண்டாவது தடவை ஐந்தாம் மாதத்தைத் தொடப் போகும்போது. அதற்குள் சொட்டம்மா சந்தோஷம் தாங்காமல் ஆய்வகத்தின் மூன்று மாடிக்கும் மிட்டாய் கொடுத்துவிட்டிருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய மறுநாள், ஆளாளுக்கு மருமகளிடம் போய் விசாரித்துவிடக் கூடாதே என்று, அதே மூன்று மாடியும் ஏறி, மிட்டாய் கொடுத்த ஒவ்வொருவரிடமும் தானே போய், 'இல்லைங்க' என்று சொல்லிவிட்டு வந்தாள்.

இப்போது மூன்றாவது. மருமகள் சொல்லவில்லை. ஆனால் சொட்டம்மாவுக்குத் தெரியாமல் இருக்குமா? காப்பி இல்லாமல் கண்ணைத் திறக்காதவள் மூன்று வாரமாகக் காப்பிப் பக்கமே போகவில்லை. பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவள், 'அடுத்தது வரும் அத்தை' என்கிறாள். நாலு மாடியும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறாள். சொட்டம்மா எதுவும் கேட்கவில்லை. அவளாக வாயைத் திறக்கும்வரை கேட்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

அந்தத் திங்கட்கிழமை படகு வந்தது. பன்னிரண்டு இடங்கள், இடத்துக்கு இரண்டாக இருபத்து நான்கு பாட்டில். கூண்டுக்குள் கையை விட்டவளுக்குக் கை ஓடவில்லை. கடலடித் தண்ணீர் பாட்டில்களை வேறு யாரிடமும் விடாமல், தானே மூடி திறந்து வாயுவை அளக்கும் கருவியில் பொருத்துவது மருமகளின் பழக்கம். அதற்குக் கையுறை உண்டு, மேலே காற்றுறிஞ்சி உண்டு, இரண்டு சொட்டால் ஒன்றும் ஆகாது. எல்லாம் சொட்டம்மாவுக்குத் தெரியும். புதிதாக வருகிறவர்களுக்கு இதையெல்லாம் சொல்லிக் கொடுப்பவளே அவள்தான். 'ஒரு பிசகும் வராது' என்று எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறாள்! ஆனால் அந்தப் பெண்ணின் விரல் இந்த விஷத்தின் மேல் படுகிற காட்சி கண்ணுக்கு முன்னால் வந்ததும், மனசு கேட்கவில்லை.

பாழாய்ப்போன மனசு உடனே ஒரு சமாதானமும் கண்டுபிடித்துக் கொடுத்தது. குளிர்பெட்டியில் வைத்தால் அந்த உயிரெல்லாம் மந்தமாகிவிடும். வழக்கம்போல் செவ்வாய் மத்தியானத்துக்குள் எல்லாவற்றையும் கருவியில் பார்த்து முடித்துவிடுவார்கள். ஒரு ராத்திரியில் என்ன குடிமுழுகிவிடப் போகிறது? விஷப் புட்டியைத் திறக்காமலே பூட்டி வைத்தாள். பதிவேட்டைத் திறந்தாள். இருபத்து நான்கு கட்டம், இருபத்து நான்கு டிக். கடைசி டிக்கைப் போடும்போது பேனா முனை தாளைக் கிழித்துவிட்டது.

அந்த வாரம் என்ன நேரமோ! செவ்வாய்க்கிழமை கிணற்றுக்கு ரொம்பத் தள்ளி உள்ள இடங்களின் பாட்டில்களை முதலில் பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. கிணற்றைச் சுற்றியுள்ள பாட்டில்களை எடுத்து, அளப்பதற்குமுன் சூடேற்றும் வெந்நீர்த் தட்டில் வைத்தார்கள். அந்த நேரம் பார்த்துக் கருவியின் பம்ப் படுத்துக்கொண்டது. உதிரிபாகம் வர வியாழக்கிழமை ஆயிற்று. விஷம் போட்ட பாட்டில் ஆறு மாதம் வெளியே கிடந்தாலும் ஒன்றும் ஆகாது என்பதால், அவை தட்டிலேயே இருந்தன. இது எதுவும் தரைத்தளத்துச் சொட்டம்மாவுக்குத் தெரியாது. பம்ப் கெட்டுப்போன செய்தி காதில் விழுந்தபோதுகூட, பாட்டில் குளிர்பெட்டியில்தானே இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு எல்லோரையும் மேலே கூப்பிட்டார்கள்.

மருமகள் பலகைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். முகம் வெளிறியிருந்தது. "கிணத்தைச் சுத்தி ஆறு இடம். ஆறுலயும் கரியமில வாயு கூடியிருக்கு. ரெண்டு ரெண்டு பாட்டிலும் ஒரே மாதிரிதான் காட்டுது. தள்ளியுள்ள இடத்துல ஒண்ணும் இல்ல."

"ஏதாவது பூச்சி புழு மூச்சு விட்டிருக்குமா?" என்று இயக்குநர் கேட்டார்.

"அதைத்தான் சார் முதல்ல பார்த்தேன். கடல்ல உயிர் மூச்சு விட்டா வாயு கூடும், ஆக்சிஜன் குறையும். ஆக்சிஜனைப் படகுலயே, கயிறுல கட்டி இறக்குற கருவியால அங்கேயே அளந்துடறோம். அது ஒரு துளி குறையல. வாயு மட்டும் கூடியிருக்கு. அப்படின்னா, கீழேருந்து வருதுன்னுதான் அர்த்தம்."

வாயுவை அடைக்கத் தொடங்கிய இந்த எட்டு வருஷத்தில் இப்படி ஒரு நாள் வந்ததில்லை.

"பாட்டில்ல ஏதாவது கோளாறு?" என்று கருவியைப் பழுதுபார்க்கும் கருவிக்காரர் மெதுவாக இழுத்தார்.

மருமகள் அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையில் நெருப்பு இருந்தது. "சொட்டம்மா கை வச்ச பாட்டில் சார் அது. மத்தது எதுல வேணா சந்தேகப்படுங்க. அறிக்கையில நான் எழுதிட்டேன், 'மாதிரிகளின் தரத்தில் ஐயமில்லை'ன்னு."

"பாட்டில் குளிர்பெட்டியிலதானே இருந்துச்சு?" என்று கதவோரம் நின்றிருந்த சொட்டம்மாவின் வாய் தன்னால் கேட்டுவிட்டது.

"இல்லம்மா, மூணு நாளா வெந்நீர்த் தட்டுலதான். உங்க பாட்டிலுக்கு என்ன பயம்?" என்று கருவிக்காரர் சிரித்தார்.

அடுத்து இயக்குநர் விதிப் புத்தகத்தை எடுத்தார். கசிவு என்று சந்தேகம் வந்தால் விதி ஒன்று இருக்கிறது. வாயு இறக்குவதை உடனே நிறுத்த வேண்டும். ஆய்வுக் கப்பல் அன்றைக்கே கிளம்ப வேண்டும். கையெழுத்துப் போட்ட அதிகாரி கப்பலில் கூடவே போய், மூன்று நாள் தங்கி, தன் கண்ணால் பார்த்து உறுதி செய்ய வேண்டும். கடலில் காற்று எச்சரிக்கை இருந்தது. "கப்பல் நல்லாத்தான் ஆடும். மூணு மணிக்குக் கிளம்பணும். போயிட்டு வந்துடுவீங்களா?" என்றார் இயக்குநர்.

மருமகள் ஒரு நொடி தயங்கினாள். ஒரே ஒரு நொடி. சொட்டம்மாவைத் தவிர யார் கண்ணிலும் அது படவில்லை. "போறேன் சார்" என்றாள்.

எதிலிருந்து காப்பாற்ற நினைத்தாளோ, அதைவிடப் பெரிய ஆபத்தில் கொண்டுபோய்த் தன் கையாலேயே தள்ளியாயிற்று. ஆடுகிற கப்பலில், இரும்பு ஏணியில், மூன்று நாள். படியிறங்கும்போதே சொட்டம்மா கணக்குப் போட்டுப் பார்த்தாள். சொன்னால் முப்பத்தொரு வருஷப் பெயர் போகும். அதுகூடப் போகட்டும். ஏன் போடவில்லை என்று கேட்பார்களே! அந்தப் பெண் வயிற்றுக்குள் பொத்திப் பொத்தி வைத்திருக்கிற ரகசியத்தை இவள் எடுத்து நடு அறையில் போட்டு உடைக்க வேண்டும். போன தடவை மூன்று மாடியும் ஏறி இறங்கியது போதாதா?

பெட்டி கட்ட மருமகள் வீட்டுக்குக் கிளம்பினாள். சொட்டம்மாவும் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டுப் பின்னாலேயே ஓடினாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து நைசாகப் பேச்சுக் கொடுத்துப் பார்த்தாள்.

"வேற யாரும் போகக் கூடாதா?"

"கையெழுத்து என்னோடது அத்தை."

"மறுபடி ஒரு தடவை அளந்து பாரேன்."

"ரெண்டு தடவை அளந்தாச்சு."

"உடம்பு சரியில்லன்னு சொல்லிடேன்."

மருமகள் சட்டென்று திரும்பிப் பார்த்தாள். "என் உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. சும்மா சொன்னேன்" என்று சொட்டம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வீட்டில் மருமகள் கட்டில்மேல் பையைத் திறந்து வைத்துத் துணிகளை அடுக்கினாள். சொட்டம்மா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மருமகள் ஒரு மாத்திரை அட்டையை எடுத்து, இவள் பார்க்கவில்லை என்று நினைத்து, கால் உறைக்குள் சுருட்டி வைத்தாள். அதைப் பார்த்ததும் சொட்டம்மாவால் முடியவில்லை.

"கண்ணு, நீ போக வேண்டாம். கடல்ல ஒண்ணும் கசியல."

"அத்தை, சும்மா இருங்க. நேரமாச்சு."

"நான் விஷம் போடல."

மருமகளின் கை பைக்குள்ளேயே நின்றது.

"இருபத்து நாலுலயும் போடல. ஒரு சொட்டுகூடப் போடல. டிக் மட்டும் போட்டேன். மூணு நாள் வெந்நீர்ல கிடந்திருக்கு. அதுல இருக்குற உயிரெல்லாம் மூச்சு விட்டு விட்டு ஏத்தி வச்சிருக்கு. ஆக்சிஜன படகுலயே அளந்துட்டதால அது குறையாத மாதிரி தெரியுது. கடல்மேல தப்பே இல்லடி. தப்பு முழுக்க என் மேலதான்."

மருமகள் கட்டிலில் உட்கார்ந்தாள். முதலில் அவள் முகத்தில் வந்தது கோபம்தான். சும்மா கோபமில்லை, அதிகாரியின் கோபம். "இருபத்து நாலு டிக். அத்தை, இருபத்து நாலு பொய் டிக்! என்ன பண்ணியிருக்கீங்க தெரியுமா? ஒண்ணுமில்லாததுக்குக் கப்பலக் கிளப்பியிருப்பேன். ஊருக்கெல்லாம் கசியுதுன்னு சொல்லியிருப்பேன். நாளைக்கு நிஜமாவே கசிஞ்சா எவன் நம்புவான் நம்மள? நான் உங்க பேரைச் சொல்லித்தான் கையெழுத்துப் போட்டேன்!"

"திட்டு. நல்லாத் திட்டு. எனக்கு வேணும்."

"ஏன் போடல?"

சொட்டம்மாவின் கண் ஒரு கணம் மருமகளின் வயிற்றில் போய் விழுந்து, சட்டென்று தரைக்குத் தாவியது. அந்த ஒரு கணம் போதுமாயிருந்தது.

"எப்பத் தெரியும்?" என்று மருமகள் கேட்டாள். குரல் இறங்கிவிட்டிருந்தது.

"நீ காப்பிய நிறுத்தின அன்னைக்கே."

"உங்க கூண்டுலேருந்து ஒரு பொட்டுக்கூட வெளிய வராதுன்னு எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீங்கதானே?"

"எல்லாம் தெரியும். நீதான் அந்தப் பாட்டில் மூடியத் திறப்பியேன்னு தோணுச்சு. கை வரல, அவ்வளவுதான்."

மருமகள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று சொட்டம்மாவுக்குப் புரியவில்லை. இரண்டும்தான் போலிருக்கிறது. "ஐயோ அத்தை! நான் இந்த மாசம் கருவிப் பக்கமே போகல. வயித்துல இருக்கேன்னு நானே பயந்துபோய், கருவிக்காரர்கிட்ட ஓட்டச் சொல்லிட்டேன். உங்ககிட்ட சொன்னா ஏன்னு கேப்பீங்கன்னுதான் சொல்லல. நான் இருந்திருந்தா பம்ப் போன அன்னைக்கே பாட்டில எல்லாம் உள்ள எடுத்து வச்சிருப்பேன். வெளிய வைக்க எனக்கு மனசு வராது, உங்களுக்கே தெரியும்."

ஒருத்தி பயந்து கருவியை விட்டு விலகியிருக்கிறாள், இன்னொருத்தி அது தெரியாமல் விஷத்தை விட்டு விலகியிருக்கிறாள். நடுவில் பாவம், கடல் பழியைச் சுமந்துகொண்டு நிற்கிறது.

"ஏண்டி என்கிட்ட சொல்லல? நான் என்ன அந்நியமா?"

"போன தடவை மிட்டாய் கொடுத்தவங்க ஒவ்வொருத்தர்கிட்டயா போய் 'இல்லைங்க, இல்லைங்க'ன்னு சொல்லிட்டு வந்தீங்களே, அது அன்னைக்கே என் காதுக்கு வந்துடுச்சு. எனக்கு வயிறு வலிச்சத விட அதுதான் வலிச்சுது. இன்னொரு தடவை உங்கள அப்படி நடக்க வைக்க எனக்குத் தைரியம் இல்லத்தை. அஞ்சு மாசம் தாண்டினப்புறம் சொல்லலாம்னு இருந்தேன்."

சொட்டம்மா பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். பெற்ற மகன்மேல்கூட இவ்வளவு பாசம் பொங்கியதில்லை என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதற்கு வெட்கப்படவும் இல்லை. "பைத்தியக்காரி. மூணு மாடி என்ன, முப்பது மாடி ஏறச் சொன்னாலும் ஏறுவேன். தனியா வச்சுக்கிட்டு அல்லாடாதே."

ஆனால் நேரம் நின்று கேட்காது. மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு இயக்குநருக்குப் போன் செய்தாள். மாதிரிகள் செல்லாது, கப்பலை நிறுத்துங்கள், மேலிடத்துக்கும் இப்படியே சொல்லிவிடுங்கள், புது மாதிரி எடுத்துப் பார்க்கும்வரை குழாயைத் திறக்க வேண்டாம், பாட்டிலில் விஷமே போடவில்லை என்று சொன்னாள். "நம்ம சொட்டம்மாவா?" என்று மட்டும் இயக்குநர் கேட்டார். "ஆமா சார், விவரமாத் திங்கட்கிழமை எழுதித் தரேன்" என்றாள் மருமகள்.

ஞாயிற்றுக்கிழமை காற்று அடங்கியது. படகுக்காரர் போய்ப் புதிதாக இருபத்து நான்கு பாட்டில் கொண்டுவந்தார். விசாரணை முடியும்வரை சொட்டம்மா விஷத்தைத் தொடக் கூடாது. மருமகள் தொடவே கூடாது. கருவிக்காரருக்கு அந்தப் புட்டியைப் பார்த்தாலே கை உதறும். வேறு வழியில்லாமல் இயக்குநரே கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுக் கூண்டுக்குள் கையை விட்டார். பதினைந்து வருஷமாகப் பேனாவைத் தவிர எதையும் பிடிக்காத கை. கண்ணாடிக்கு வெளியே நின்றுகொண்டு சொட்டம்மா கத்தினாள்.

"ரெண்டு சொட்டு சார்! மூணாவது விழுது பாருங்க, விழுது!"

"நீங்க கத்தினாத்தாம்மா விழுது!"

"முழங்கைய ஊன்றுங்க சார். மூச்சை அடக்கிக்கிட்டு விடுங்க. ஆங், அப்படித்தான்."

இருபத்து நான்கு பாட்டில் முடிப்பதற்குள் அவர் சட்டை நனைந்துவிட்டது. அன்றைக்கே கருவியில் பார்த்தார்கள். கிணற்றைச் சுற்றி ஆறு இடமும் தள்ளியுள்ள ஆறு இடமும் ஒரே மாதிரி இருந்தன. பாறை மூடி அது பாட்டுக்குத் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. திங்கட்கிழமை காலையில் குழாயைத் திறந்தார்கள்.

இனி விசாரணைப் படிவம் ஒன்றுதான் பாக்கி. தப்பு எதுவாக இருந்தாலும் அதில் எழுதி, தப்புச் செய்தவரும் அதிகாரியும் இயக்குநரும் கையெழுத்துப் போட வேண்டும். மேலிடத்துக்குப் போகும். மாடிக்கு ஒன்றாக மூன்று நகல் பலகையில் ஒட்டப்படும்.

"காரணம்னு ஒரு கட்டம் இருக்குல்ல? அதுல 'கவனக்குறைவு'ன்னு எழுது" என்று சொட்டம்மா காலையில் பஸ்ஸிலேயே சொல்லிவிட்டாள்.

"கவனக்குறைவுன்னு எழுதினா உங்கள பாட்டில் கழுவுற இடத்துக்கு மாத்திடுவாங்க. ஓய்வு பெற இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு."

"கழுவறேன். எனக்கென்ன, கை இல்லையா? உன் விஷயம் பேப்பர்ல வரக் கூடாது. பலகையில ஒட்டுவாங்கடி. வர்றவன் போறவன் எல்லாம் படிப்பான். அப்புறம் ஏதாவது ஒண்ணுன்னா... வேண்டாம். நான் சொல்றதக் கேளு. கவனக்குறைவு. ஒரே வார்த்தை, முடிஞ்சுது."

மருமகள் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மத்தியானம் படிவம் கீழே வந்தது. மருமகளே கொண்டுவந்து மேஜைமேல் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்கம்மா" என்றாள், அதிகாரிக் குரலில். சொட்டம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். நடந்தது என்ன என்ற கட்டத்தில் எல்லாம் உள்ளபடி இருந்தது. இருபத்து நான்கு டிக்கும் பொய் என்றுதான் எழுதியிருந்தது, அதில் ஒரு சலுகையும் இல்லை. சொட்டம்மா தலையாட்டிக்கொண்டாள். அடுத்தது காரணம்.

'மாதிரிகளைக் கையாளும் அதிகாரி மூன்று மாதக் கர்ப்பிணி. அதை அவர் தம் வீட்டில் சொல்லவில்லை. மாதிரிகளைத் தயார் செய்பவர் அதைத் தாமாகவே அறிந்து, அதிகாரியின் கையில் விஷம் படுமோ என்று அஞ்சி, விஷத்தைப் பாட்டிலில் இடாமல் இருந்துவிட்டார். அதே அச்சத்தால் அதிகாரி தம் வேலையை வேறொருவரிடம் கொடுத்து, அதையும் சொல்லாமல் மறைத்தார். கவனக்குறைவு எங்கும் இல்லை. தவறு இருவருடையது.'

சொட்டம்மாவுக்கு எழுத்து மங்கியது. "என்னடி இது? பலகையில..." என்றாள்.

"ஒட்டட்டும். கீழ இன்னும் இருக்கு, படிங்க."

கடைசிக் கட்டம், இத்தவறு மறுபடி நடக்காமலிருக்க எடுக்கப்படும் நடவடிக்கை. அதில் இரண்டு வரி இருந்தது. விஷம் விடும்போது இனி இன்னொருவர் உடனிருந்து தாமும் டிக் செய்வார் என்பது முதல் வரி. சொட்டம்மா இரண்டாவது வரியை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தாள்.

'அதிகாரி இனி எதுவாக இருந்தாலும், நல்லதானாலும் கெட்டதானாலும், முதலில் அத்தையிடம் சொல்வார்.'

அதற்குக் கீழே இயக்குநர் 'ஏற்கப்பட்டது' என்று எழுதி, முத்திரை குத்திக் கையெழுத்துப் போட்டிருந்தார்.